துணிந்து முதல் கொடுத்தவர்

"பணம் பத்தும் செய்யும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. பணத்தால் ஆகும் காரியங்கள் பல என்பது உண்மையே. ஆனால் அந்தப் பணம் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்று நாம் என்றாவது சிந்தித்ததுண்டா? நிலம் வைத்திருப்பவருக்கு வங்கியில் கடன் கிடைக்கிறது. நகை வைத்திருப்பவருக்கு அடகுக் கடையில் பணம் கிடைக்கிறது. மாதச் சம்பளம் வாங்குபவருக்கு வீடு கட்டக் கடன் கிடைக்கிறது. நல்ல அறிவும், உழைக்கும் மனமும், புதியதொரு யோசனையும் மட்டுமே கைவசம் உள்ள ஒருவர், அதிலும் ஓர் இளம் பெண், தொழில் தொடங்கப் பணம் வேண்டும் என்று கேட்டால் என்ன ஆகும்? "ஈடாக எதை வைப்பாய்? உனக்கு ஜாமீன் யார்?" என்ற கேள்விகளே முதலில் எழும்.

இக்கேள்விகளுக்கு விடை சொல்ல இயலாதவர்களுக்கும் முதல் கிடைக்க வேண்டும் என்று எண்ணி, அதற்கென்றே நம் நாட்டில் ஒரு ஸ்தாபனம் அமையக் காரணமாக இருந்தவர் திரு. நாராயணன் வகுல் அவர்கள். சென்னை லயோலா கல்லூரியில் பயின்று, வங்கித் துறையில் உயர்ந்த பதவிகளை வகித்து, 2024ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் சென்னையில் காலமானவர் அவர். இந்தியாவில் துணிகர முதலீட்டுக்கு வழி வகுத்த முன்னோடி என்று அவரைப் போற்றுகிறார்கள். அவருடைய வாழ்க்கையையும், அவர் வளர்த்த அம்முறையையும் நம் மாணவியர் தெரிந்துகொள்வது மிகவும் பயனுள்ளதாகும்.

கடன் வேறு, முதலீடு வேறு

துணிகர முதலீடு என்றால் என்ன? ஓர் எடுத்துக்காட்டால் இதை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

வேதியியல் படித்த ஒரு பெண் வாழை நாரிலிருந்து மருத்துவமனைகளுக்கு ஏற்ற பஞ்சு செய்யும் வழியைக் கண்டுபிடித்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் வாங்கவும், கொட்டகை போடவும், ஆட்களுக்குக் கூலி கொடுக்கவும் அவளுக்கு 10 இலட்சம் ரூபாய் தேவைப்படுகிறது. வங்கியில் 12 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினால், ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் வட்டியே கட்ட வேண்டும். பஞ்சு விற்றாலும் விற்காவிட்டாலும் தவணை தவறக் கூடாது. முதல் இரண்டு ஆண்டுகள் சோதனையிலேயே கழியும் தொழிலுக்கு இது தாங்க முடியாத பாரம்.

வங்கியின் பக்கம் நின்றும் இதைப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணின் தொழில் நாளைக்குக் கோடிக்கணக்கில் இலாபம் ஈட்டினாலும் வங்கிக்குக் கிடைப்பது அதே 12 சதவீத வட்டிதான். தொழில் மூழ்கினாலோ 10 இலட்சமும் போய்விடும். அந்தப் பணம் வங்கியின் சொந்தப் பணமும் அன்று. நம் பெற்றோரின் சேமிப்பும், ஓய்வு பெற்றவர்களின் வைப்பு நிதியும் சேர்ந்ததே வங்கியின் பணம். ஆகவே வங்கி ஈடு கேட்பதைக் குற்றம் என்று சொல்வதற்கில்லை. அடுத்தவர் பணத்தைக் காப்பவர் எச்சரிக்கையாக இருப்பது கடமையே.

துணிகர முதலீட்டாளர் வேறு விதமாக வருகிறார். "நான் 10 இலட்சம் தருகிறேன். ஈடு வேண்டாம், வட்டியும் வேண்டாம். உன் கம்பெனியில் நூறு பங்குகள் இருந்தால் அதில் முப்பது எனக்குத் தா. இலாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் இருவரும் பகிர்ந்துகொள்வோம்" என்கிறார். பணம் கொடுத்துவிட்டு ஒதுங்கியும் இருப்பதில்லை. கணக்கு எழுத நல்லவரைத் தேடித் தருகிறார். சரக்கை எங்கே விற்கலாம் என்று யோசனை சொல்கிறார். நிர்வாகக் குழுவில் அமர்ந்து தவறுகளைச் சுட்டிக் காட்டுகிறார். ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை பொறுமையுடன் காத்திருக்கிறார். கம்பெனி வளர்ந்தபின் தம் பங்குகளை நல்ல விலைக்கு விற்று வெளியேறுகிறார்.

"இப்படித் துணிந்து கொடுத்தால் பணம் போய்விடாதா?" என்று கேட்கலாம். போகத்தான் செய்யும். ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு முதலீட்டாளர் பத்துக் கம்பெனிகளுக்குத் தலைக்கு 10 இலட்சம் வீதம் 1 கோடி ரூபாய் கொடுக்கிறார் என்று கொள்வோம். ஐந்து கம்பெனிகள் மூடப்பட்டு, போட்ட 50 இலட்சமும் போய்விடுகிறது. மூன்று கம்பெனிகள் போட்ட முதலை மட்டும், அதாவது 30 இலட்சத்தைத் திருப்பித் தருகின்றன. ஒரு கம்பெனியில் முதல் இரு மடங்காகி 20 இலட்சம் ஆகிறது. ஒன்றே ஒன்று இருபது மடங்கு வளர்ந்து 2 கோடி ஆகிறது. கூட்டிப் பாருங்கள்: 1 கோடி போட்ட இடத்தில் 2 கோடியே 50 இலட்சம் வந்திருக்கிறது. பத்தில் ஐந்து தோற்றும் நட்டமில்லை. அந்த ஒன்றைக் கண்டறியும் கூர்மையும், மற்றவை தோற்கும்போது கலங்காத மனமும்தான் இத்தொழிலின் மூலதனம்.

முறை பிறந்த கதை

இன்று நாம் காணும் ஒழுங்கான வடிவில் இம்முறை அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் உருவாயிற்று. பாரிஸில் பிறந்து, அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் டோரியோ என்பவர், வேறு சிலருடன் சேர்ந்து 1946ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் ஒரு முதலீட்டுக் கம்பெனியைத் தொடங்கினார். 1957இல் அக்கம்பெனி இரண்டு இளம் பொறியாளர்களின் கணிப்பொறித் தொழிலில் 70,000 டாலர் போட்டது. அதுவே டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனி. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தப் பங்குகளின் மதிப்பு 35 கோடி டாலருக்கு மேல் உயர்ந்தது. உலகமே இதைத் திரும்பிப் பார்த்தது.

நம் நாட்டில் நிலைமை வேறாக இருந்தது. சுதந்திரத்திற்குப் பின் பெரிய ஆலைகளுக்கு நீண்ட காலக் கடன் கொடுப்பதற்காக 1948இல் ஐ.எப்.சி.ஐ., 1955இல் ஐ.சி.ஐ.சி.ஐ., 1964இல் ஐ.டி.பி.ஐ. ஆகியவை தோன்றின. இரும்பு, சிமெண்டு, துணி, உரம் போன்ற தொழில்கள் இவற்றால் வளர்ந்தன. ஆனால் புதிதாகத் தொழில் முனைவோருக்கு, கையில் சொத்தில்லாத படித்த இளைஞருக்கு, இடமிருந்தது மிகக் குறைவு. 1975இல் ஐ.எப்.சி.ஐ. இத்தகையோருக்கு உதவ ஓர் அமைப்பை நிறுவியது. 1986-87ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தை ஊக்குவிக்கத் துணிகர நிதி ஒன்று அறிவிக்கப்பட்டது. விதைகள் இவ்வாறு தூவப்பட்டிருந்தன. அவற்றை வளர்த்தெடுக்கத் தக்க மனிதர் வேண்டியிருந்தது.

லயோலா மாணவர்

வகுல் அவர்கள் 1936ஆம் ஆண்டில் பிறந்தவர். இயேசு சபைக் குருக்கள் 1925இல் நிறுவிய லயோலா கல்லூரியில் பயின்றார். 1957இல் பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரியாகச் சேர்ந்தார். பல ஆண்டுகள் அங்கே பணியாற்றியபின், வங்கியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கும் தேசிய வங்கி மேலாண்மைக் கழகத்தில் ஆசிரியராகவும் இயக்குநராகவும் இருந்தார். பிறகு சென்ட்ரல் வங்கியில் உயர் பதவி ஏற்றார். 1981இல் பாங்க் ஆப் இந்தியாவின் தலைவரானபோது அவருக்கு வயது 44. பொதுத்துறை வங்கி ஒன்றின் தலைமைப் பதவிக்கு அவ்வளவு இளம் வயதில் அதற்கு முன் எவரும் வந்ததில்லை.

1985இல் அவர் ஐ.சி.ஐ.சி.ஐ. ஸ்தாபனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அக்காலத்தில் அது பெருந்தொழில்களுக்குக் கடன் கொடுப்பதோடு தன் வேலை முடிந்தது என்றிருந்த ஸ்தாபனம். வகுல் அவர்கள் அதைப் புதிய பாதைகளில் செலுத்தினார். அவர் செய்தவற்றுள் இரண்டை மட்டும் இங்கே குறிப்பிடுவோம்.

முதலாவது, 1987இல் கிரிசில் என்னும் தர மதிப்பீட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. பொதுமக்களிடம் கடன் திரட்டும் கம்பெனிகளின் கணக்குகளை ஆராய்ந்து, வாங்கிய பணத்தைத் திருப்பித் தரும் ஆற்றல் அவற்றுக்கு எந்த அளவு உண்டு என்று தரம் பிரித்துக் கூறுவது இதன் வேலை. கம்பெனிகளுக்கு ஆசிரியர் போடும் மதிப்பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இத்தகைய முதல் நிறுவனம் இதுவே. பெரிய குடும்பத்தின் கம்பெனி, பழம்பெயர் பெற்ற கம்பெனி என்பதற்காகப் பணம் போடாமல், அதன் உண்மையான தகுதியை ஆராய்ந்து பார்த்துப் பணம் போடும் வழக்கம் இதனால் பரவியது.

இரண்டாவதுதான் நம் கட்டுரையின் பொருள். 1988இல் ஐ.சி.ஐ.சி.ஐ.யும் யூனிட் டிரஸ்டும் சேர்ந்து பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு டி.டி.ஐ.சி.ஐ. என்னும் துணிகர முதலீட்டுக் கம்பெனியை ஏற்படுத்தின. தொழில்நுட்ப வளர்ச்சிக்கான கம்பெனி என்பது அப்பெயரின் பொருள். கணிப்பொறி மென்பொருள், மின்னணுவியல், உயிரியல் தொழில்நுட்பம் என அன்று பலருக்குப் பெயர்கூடத் தெரியாத துறைகளில் இது முதலீடு செய்தது. மென்பொருள் கம்பெனிக்கு நிலமும் கிடையாது, பெரிய இயந்திரமும் கிடையாது. அதன் சொத்தெல்லாம் மாலை ஆறு மணிக்கு வீட்டிற்குப் போய்விடும் மனிதர்களின் மூளையில் இருக்கிறது. அதை ஈடாக வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்க எந்த வங்கியாலும் முடியாது. ஆகவே மனிதரையே மதிப்பிடக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. டி.டி.ஐ.சி.ஐ. அதைத்தான் செய்தது. பிற்காலத்தில் இக்கம்பெனியே ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சர் என்று பெயர் மாறியது.

கொட்டகையில் தொடங்கிய பெண்

இந்த முறையின் பயனை ஒரு பெண்ணின் வரலாறு நன்கு விளக்கும். திருமதி கிரண் மஜும்தார் ஷா அவர்கள் 1953இல் பெங்களூரில் பிறந்தவர். அருட்சகோதரியர் நடத்தும் மவுண்ட் கார்மல் கல்லூரியில் பயின்றவர். விலங்கியலில் பட்டம் பெற்றபின் ஆஸ்திரேலியா சென்று, நொதித்தலை அடிப்படையாகக் கொண்ட மது வடிப்புக் கலையை முறைப்படி கற்று 1975இல் தேர்ச்சி பெற்றார். அவருடைய தந்தையார் அத்துறையில் தலைமை நிபுணர். ஆனால் இந்தியா திரும்பிய மகளுக்கு, "இது ஆண்கள் செய்யும் வேலை" என்று சொல்லி எவரும் வேலை தரவில்லை.

1978இல் அயர்லாந்து நாட்டுக் கம்பெனி ஒன்றின் கூட்டுறவுடன், பெங்களூரில் வாடகை வீடு ஒன்றின் கார் கொட்டகையில் 10,000 ரூபாய் முதலுடன் பயோகான் கம்பெனியை அவர் தொடங்கினார். பப்பாளிக் காயின் பாலிலிருந்து பாப்பைன் என்னும் நொதியை எடுப்பது முதல் வேலைகளுள் ஒன்று. நொதி என்பது உயிர்ப்பொருள்களில் மாற்றங்களை விரைவாக நிகழச் செய்யும் பொருள். இறைச்சியுடன் பப்பாளித் துண்டு போட்டால் அது விரைவில் வேகும் என்பது நம் தாய்மார்கள் அறிந்ததே. அந்த வேலையைச் செய்வது இந்தப் பாப்பைன்தான்.

அப்போது அவருக்கு வயது 25. கடன் கேட்டுச் சென்ற இடங்களில் வங்கிகள் தயங்கின. பெண், இளையவர், எவரும் கேள்விப்படாத தொழில், ஈடு வைக்கச் சொத்தில்லை என்று காரணங்கள் அடுக்கடுக்காக இருந்தன. கடைசியில் ஒரு வங்கியாளர் மனம் இரங்கி முதற் கடன் கிடைக்க வழி செய்தார். தொழில் மெல்ல நடந்தது. நொதிகள் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயின.

சில ஆண்டுகளில் பயோகான் ஆராய்ச்சியில் இறங்கியது. இட்லி மாவு இரவில் புளித்துப் பொங்குவதை நாம் அறிவோம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் செய்யும் வேலை அது. பெரிய தொழிற்சாலைகளில் இத்தகைய நுண்ணுயிர்களைத் திரவம் நிறைந்த தொட்டிகளில் வளர்ப்பார்கள். ஈரமான தவிடு போன்ற திடப்பொருள்மேல் பூஞ்சையை வளர்த்து அதிலிருந்து நொதிகளைப் பெறும் முறையைப் பயோகான் சோதனைச் சாலையில் உருவாக்கியிருந்தது. அதைப் பெரிய அளவில் செய்து பார்க்கப் பணம் வேண்டும். வெற்றி பெறுமா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. வட்டிக் கடனை நம்பி இறங்கக்கூடிய காரியமும் இல்லை.

இந்நிலையில்தான் 1987இல், வகுல் அவர்கள் தலைமையில் இருந்த ஐ.சி.ஐ.சி.ஐ.யின் ஆதரவால் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் டாலர் மதிப்புள்ள துணிகர நிதி பயோகானுக்குக் கிடைத்தது. ஆராய்ச்சி விரிந்தது. சோதனைச் சாலை முறை ஆலை முறையாயிற்று. பின்னாளில் பயோகான் மருந்துத் துறையில் நுழைந்து, நீரிழிவு நோயாளிகளுக்கான இன்சுலினைத் தயாரித்தது. 2004இல் அக்கம்பெனியின் பங்குகள் சந்தைக்கு வந்த முதல் நாளிலேயே அதன் மொத்த மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டியது. கார் கொட்டகையில் 10,000 ரூபாயுடன் தொடங்கியதை நினைத்துப் பார்த்தால் வியப்பு மேலிடுகிறது.

இந்த வெற்றி முழுவதும் பணத்தால் வந்தது என்று எண்ணலாகாது. அந்தப் பெண்மணியின் உழைப்பே முதற் காரணம். ஆனால் சரியான வேளையில், ஈடு கேட்காமல், அவருடைய அறிவை நம்பி ஒருவர் முதல் கொடுத்திராவிட்டால் அந்த உழைப்பு சிறு ஆலையோடு நின்றிருக்கக் கூடும். எத்தனை பெண்களின் திறமை அவ்வாறு நின்றுபோயிருக்கும் என்பதற்குக் கணக்கு எழுதியவர் யாருமில்லை.

அலுவலகத்திலும் அதே நியாயம்

வெளியாருக்கு ஒரு நியாயம், தம் அலுவலகத்திற்கு வேறு நியாயம் என்று வகுல் அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. பெண்களுக்கென்று தனிச் சலுகை எதையும் அவர் அளிக்கவில்லை. பெண் என்பதற்காக எந்தப் பொறுப்பையும் மறுக்கவும் இல்லை. தகுதி ஒன்றே அளவுகோலாக இருந்தது. அதன் பயனாக அந்த ஸ்தாபனத்தில் பணியாற்றிய பெண்கள் பலர் நாடறிந்த நிதித் தலைவர்களாக உயர்ந்தனர். லலிதா குப்தே, கல்பனா மோர்பாரியா ஆகியோர் ஐ.சி.ஐ.சி.ஐ.யிலேயே தலைமை நிலையை எட்டினர். ஷிகா சர்மா 2009 முதல் 2018 வரை ஆக்சிஸ் வங்கியை நடத்தினார்.

ரேணுகா ராம்நாத் அவர்களின் கதை நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. டி.டி.ஐ.சி.ஐ. என்று தொடங்கி ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சர் ஆன அதே கம்பெனிக்கு அவர் 2001 முதல் 2009 வரை தலைமை தாங்கினார். பின் சொந்தமாகவே ஒரு முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். பணம் கேட்டு வாசலில் நின்ற பெண்ணுக்குக் கதவு திறந்த ஸ்தாபனத்தில், யாருக்குப் பணம் தருவது என்று முடிவு செய்யும் நாற்காலியிலும் ஒரு பெண் அமர்ந்தார்.

வகுல் அவர்கள் 1996இல் நிர்வாகப் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்தார். 2009 வரை ஐ.சி.ஐ.சி.ஐ. குழுவின் தலைவராக வழிகாட்டினார். பின்னாட்களில் ஏழைச் சிறுவர்களின் கல்விக்கும் தரும காரியங்களுக்கும் தம் நேரத்தைக் கொடுத்தார். அரசு அவருக்குப் பத்ம பூஷண் விருதளித்துச் சிறப்பித்தது.

மறுபக்கமும் உண்டு

எந்த முறைக்கும் குறைகள் உண்டு. தொடக்க காலத்தில் சிறு கம்பெனிகளின் பங்குகளை விற்க நம் நாட்டில் சரியான சந்தை இல்லை. பணம் போட்டவர்கள் அதை எடுக்க வழியின்றித் தவித்ததுண்டு. அடுத்து, பிறர் பணம் உள்ளே வந்தால் பிறர் சொல்லும் உள்ளே வரும். "விரைந்து வளர், விரைந்து இலாபம் காட்டு" என்று முதலீட்டாளர் நெருக்குவதால், நிதானமாக வளர வேண்டிய தொழில் நிலைகுலைவதும் உண்டு. "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்ற பழமொழி பணம் கொடுப்பவருக்கும் பொருந்தும், வாங்குபவருக்கும் பொருந்தும்.

இதற்கு நம் பகுதியிலேயே இருவேறு சான்றுகள் உள்ளன. தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூரைக் கடந்து கூடுவாஞ்சேரிப் பக்கம் போனால் ஜோகோ மென்பொருள் கம்பெனியின் பெரிய வளாகத்தைக் காணலாம். 1996இல் வேறு பெயரில் தொடங்கிய இக்கம்பெனி, துணிகர முதலீட்டாளர் எவரிடமும் பணம் வாங்காமல், தன் இலாபத்தைக் கொண்டே வளர்ந்தது. அங்கே பணியாற்றிய சிலர் வெளியேறி 2010இல் சென்னையில் மற்றொரு மென்பொருள் கம்பெனியைத் தொடங்கினர். பிரெஷ்வொர்க்ஸ் என்று இன்று பெயர் பெற்றிருக்கும் இக்கம்பெனிக்கு 2011இல் ஆக்செல் என்னும் துணிகர முதலீட்டு நிறுவனம் 10 இலட்சம் டாலர் கொடுத்தது. பத்தே ஆண்டுகளில், 2021 செப்டம்பரில், அதன் பங்குகள் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் இடம் பெற்றன. ஒன்று சொந்தக் காலில் நடந்தது. மற்றொன்று பிறர் தோள் கொடுக்க ஓடியது. இரண்டும் வென்றன. எது நமக்கு ஏற்றது என்று அறிவதே அறிவுடைமை.

தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் அமைந்த ஏற்றுமதி வளாகத்தில் தைத்தும், மின்னணுக் கருவிகளைப் பூட்டியும் உழைத்து, தம் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்கள் நம் பகுதியில் பலர். அந்தத் தலைமுறை பிறர் தொடங்கிய தொழிலில் வேலை செய்தது. அடுத்த தலைமுறை தானே ஒரு தொழிலைத் தொடங்க நினைத்தால் அதற்குரிய சூழ்நிலை தொலைவில் இல்லை. தரமணியில் ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சிப் பூங்கா 2010 முதல் இயங்கி வருகிறது. அங்கே இளைஞர்களின் புதிய யோசனைகளுக்கு இடமும், ஆசிரியர்களின் ஆலோசனையும், தொடக்க முதலும் பெற வாய்ப்புண்டு.

சிறிய அளவில் இதே நம்பிக்கை வேறு வடிவிலும் நம்மிடையே உள்ளது. சென்னையில் 1978இல் திருமதி ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் பெண்கள் அமைப்பு, தெருவோரம் பூவும் காயும் மீனும் விற்கும் பெண்களுக்கு ஈடின்றிச் சிறு கடன் கிடைக்க வழி செய்தது. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் அரசு தொடங்கி வைத்த மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் பின் மாநிலம் எங்கும் பரவியது. நம் மாணவியருள் பலரின் தாய்மார்கள் இக்குழுக்களில் உறுப்பினர்களாக இருக்கலாம். அவை கொடுப்பது கடன்தான்; திருப்பிக் கட்ட வேண்டும். ஆயினும் நிலத்தையும் நகையையும் பாராமல் மனிதரைப் பார்த்துப் பணம் தரும் வகையில் இரண்டும் ஒரு வழியே செல்கின்றன.

தாலந்து உவமை சொல்வது

மத்தேயு நற்செய்தியில் நம் ஆண்டவர் கூறிய தாலந்து உவமையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். நெடும் பயணம் செல்லும் தலைவர் தம் ஊழியர் மூவரை அழைத்து, அவரவர் திறமைக்கு ஏற்ப ஐந்து, இரண்டு, ஒன்று எனத் தாலந்துகளை ஒப்படைக்கிறார். முதல் இருவரும் வாணிகம் செய்து இரட்டிப்பாக்குகின்றனர். மூன்றாமவர் அஞ்சி, தம்மிடம் தந்ததை மண்ணில் புதைத்து வைக்கிறார். தாலந்து என்பது அக்காலத்தில் பெருந்தொகையைக் குறிக்கும் அளவு. திறமையைக் குறிக்கும் டேலண்ட் என்னும் ஆங்கிலச் சொல் இதிலிருந்தே வந்தது.

இவ்வுவமையைப் பெற்றுக்கொண்ட ஊழியரின் பக்கம் நின்றே நாம் எப்போதும் தியானிக்கிறோம். கொடுத்தவரின் பக்கமும் ஒரு நொடி நின்று பார்க்கலாம். அத்தலைவர் ஈடு எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொருவரின் திறமையையும் அறிந்து, நம்பி ஒப்படைத்துச் சென்றார். திரும்பி வந்தபோது கணக்குக் கேட்கவும் தவறவில்லை. நம்பிக்கையும் கணக்கும் சேர்ந்தே இருந்தன. வகுல் அவர்கள் உருவாக்கிய இரு ஸ்தாபனங்களிலும் இந்த இரண்டும் இருந்ததை நினைத்துப் பாருங்கள். ஒன்று தகுதியைச் சோதித்துக் கணக்குப் பார்த்தது. மற்றொன்று தகுதியுள்ளோரை நம்பிக் கொடுத்தது.

பெற்றோர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. நகைக்கும் திருமணத்திற்கும் சேமிக்கும் நாம், மகளின் அறிவையும் அவள் தொடங்க விரும்பும் தொழிலையும் நம்பி ஒரு பங்கை ஒதுக்கலாமே. ஒரு பெண்ணின் வாழ்வில் முதன்முதலாகத் துணிந்து முதல் போடுகிறவர்கள் அவளுடைய தாயும் தந்தையும்தான். பள்ளிக் கட்டணம் கட்டும் ஒவ்வொரு ஜூன் மாதமும் அவர்கள் செய்வது அதுவே.

மாணவியரே! உங்களை நம்பி ஒருவர் நாளை முதல் தர வேண்டுமானால், இன்று நீங்கள் சேர்க்க வேண்டிய ஈடு உண்டு. கணக்கில் தெளிவு, சொன்ன சொல் தவறாமை, எடுத்த வேலையைப் பாதியில் விடாமை, தோல்வியை மறைக்காமல் உள்ளபடி சொல்லும் நேர்மை ஆகியவையே அந்த ஈடு. இவற்றை அடகு வைக்க முடியாது. எவராலும் ஜப்தி செய்யவும் முடியாது. இறைவன் ஒவ்வொருவருக்கும் அளித்த தாலந்தை மண்ணில் புதைக்காமல் பெருக்கி, நம்பினோர்க்குக் கணக்குக் காட்டும் நல்ல ஊழியராய் நாம் வாழ அவர் அருள்புரிவாராக.